முழு நம்பிக்கை

விவாகரத்தில் டுவைட்டுக்கு ஏரிக்கரை வீடு போனது. எனக்கு பேஸ்பால் அணி வந்தது. கோர்ட்டுப் படியில் இறங்கும்போது அந்த மனுஷன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ஏரி தோற்காது. எங்கள் 'ஹாலோவே நாரைகள்' அணியோ தோற்பதைத் தவிர வேறு எதையும் உருப்படியாகச் செய்ததில்லை. ஒஹையோவில் இந்த ஆற்றோரம் எந்த ஊருக்குப் போய் எங்கள் அணிப் பேரைச் சொன்னாலும், "ஓ, அந்த ஒத்தக்கால் பசங்களா?" என்று சிரிப்பார்கள்.

நான் வெல்மா ஹூடாக். கசாப்புக்கடைக்காரர் மகள். மைதானத்தில் மூன்றாவது பேஸுக்குப் பின்னால், கம்பி வேலிக்கு இந்தப் பக்கம், கல்யாணத்துக்கு முன்பிருந்தே சாசேஜ் சுட்டு விற்கிறேன். அணி கைக்கு வந்த பிறகும் அடுப்பை விடவில்லை. முதலாளி என்றால் மேலே கண்ணாடி அறையில் உட்கார வேண்டுமாம். அங்கே உட்கார்ந்து என்ன செய்ய? என் அடுப்படியிலிருந்து பார்த்தால் ஆட்டக்காரன் முகம் தெரியும். அவன் வாய்க்குள் முனகுகிற கெட்ட வார்த்தைகூடக் காதில் விழும்.

அந்த ஜூலையில் நாங்கள் வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தோம். தோற்றால் முதலில் உருள்வது மேனேஜர் தலை. யார் ஆடுவது, யார் பந்து எறிவது, எறிகிறவனை எப்போது மாற்றுவது என்று தீர்மானிக்கிற ஆள் அவர்தானே. எங்கள் மேனேஜர் ஹார்லன் ப்ரீட், அறுபதைத் தாண்டியவர், நெட்டையான மனிதர். அவருக்குக் குரலே கிடையாது. அம்பயர் எவ்வளவு அநியாயமாகத் தீர்ப்புச் சொன்னாலும் சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிவிட்டு, ஆட்டக்காரர்கள் உட்காரும் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். ஜனங்கள் விடுவார்களா? "ஹார்லன், தலகாணி வேணுமா?" என்று தினமும் ஒருத்தன் கத்துவான். ஊரே சிரிக்கும்.

கெனி என் நாத்தனார் மகன், அணியின் ஆபீஸ் வேலையைப் பார்க்கிறவன். அவன்தான் முதலில் ஆரம்பித்தான்.

"அத்தை, இருபத்தஞ்சு ஆட்டக்காரங்களையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஒரு ஆளை அனுப்பலாம். எல்லா ஊர்லயும் இதான் வழக்கம்."

"எதுக்கு அனுப்பணும்? அந்த ஆள் என்னடா தப்பு பண்ணாரு?"

"தோக்குறாரே, போதாதா? வெர்ன் எறியும்போது கை தடுமாறுதுன்னு கண்ணு தெரியாதவனுக்குக்கூடத் தெரியுது. இவரு மாத்தவே மாட்டேங்கிறாரு. போன வாரம் அதுலயே ஒரு மேட்ச் போச்சு."

"ஒரு ரன்ல போச்சு. போன வருஷம் எத்தனை ரன்ல தோத்தோம்? ஸ்கோர் பலகையைத் திரும்பிப் பாக்கவே கூச்சமா இருந்துச்சு."

"தோல்வி தோல்விதானே அத்தை!"

எனக்கு வந்ததே கோபம். இந்தப் பிள்ளை கண்ணாடி அறையிலிருந்து பார்க்கிறவன். வளைந்து வரும் பந்தைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்கிற டோபியைக் காலையில் தனியாகக் கூட்டிவந்து, தானே பந்து எறிந்து எறிந்து அவனை அடிக்க வைத்தது யார்? இரண்டு ஊரில் வேண்டாம் என்று துரத்திவிட்ட வெர்னைச் சேர்த்துக்கொண்டது யார்? வெர்னை ஏன் மாற்றுவதில்லை என்று நானே ஒருமுறை ஹார்லனைக் கேட்டேன். "அவன் நடுங்கும்போதெல்லாம் நான் போய்ப் பந்தைப் புடுங்கிக்கிட்டா, அவன் நடுங்குறதை மட்டும்தாம்மா கத்துக்குவான்" என்றார். எனக்கு அது சரியென்று பட்டது.

"பாதி வெந்த சாசேஜை எடுத்துக் கடாசிட்டு வேற போட்டா, அதுவும் பச்சையாத்தான்டா இருக்கும்" என்று கெனியிடம் சொன்னேன். அவன் தலையில் அடித்துக்கொண்டு போனான்.

மறுநாள் உள்ளூர் ரேடியோவிலிருந்து பட் லான்யாக் மைக்கைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். எங்கள் எல்லா ஆட்டத்துக்கும் வர்ணனை சொல்கிறவர். கடுகுச்சாறு சொட்டச் சொட்டச் சாப்பிட்டுக்கொண்டே, "வெல்மா, ஹார்லன் விஷயம் என்ன? ஊரே கேக்குது" என்றார்.

நான் யோசிக்கவில்லை. மனதில் இருந்ததைச் சொன்னேன். "ஹார்லன் மேல எனக்கு முழு நம்பிக்கை இருக்கு."

பட் மெல்லுவதை நிறுத்தினார். கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "ரொம்ப நன்றி வெல்மா" என்றார், துக்க வீட்டில் பேசுகிற குரலில். "ஹார்லன் நல்ல மனுஷர்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்த ஆளுக்கு என்ன வந்தது என்று நினைத்தபடி அடுத்த சாசேஜைத் திருப்பிப் போட்டேன்.

வீட்டுக்குப் போனதும் டுவைட் போன் செய்தார். விவாகரத்துக்குப் பிறகு முதல் தடவை.

"சபாஷ் வெல்மா! நீயும் தொழில் கத்துக்கிட்ட. எப்ப அனுப்புற, ஞாயித்துக்கெழமையா?"

"யாரை?"

"ஹார்லனைத்தான். முழு நம்பிக்கைன்னு ரேடியோவுல சொல்லிட்டியே!"

"முழு நம்பிக்கைன்னா முழு நம்பிக்கைதானே?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன், அவ்வளவு சிரிப்பு. "அடி பைத்தியமே, பேஸ்பால்ல முதலாளி அப்படிச் சொன்னா ஆளு காலின்னு அர்த்தம். நான் அனுப்பின ஒவ்வொருத்தனுக்கும் முன்னாடி நாள் பட் கிட்ட அதேதான சொன்னேன்? நெஜமாவே நம்பிக்கை இருந்தா யாராவது வாயைத் தொறந்து சொல்லுவாங்களா?"

நான் போனை வைத்தேன். சமையலறையில் ஒரு சாமான் மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் தடால் தடாலென்று வைத்தேன். அத்தனை வருஷம் அந்த ஆளோடு குடித்தனம் செய்தவள் நான். அவர் என்னிடமும் அதே வார்த்தையைச் சொன்னவர்தான். அப்போதே விளங்கியிருக்க வேண்டும்!

மறுநாளிலிருந்து ஊர் ஹார்லனை வழியனுப்பத் தொடங்கியது. ரொட்டிக்கடையிலிருந்து கேக் போனது. முடிவெட்டுகிறவர் காசு வாங்க மாட்டேனென்றுவிட்டாராம். வங்கியில் இருக்கிற பெண் அவரைப் பார்த்துக் கண் கலங்கினாளாம். நான் எல்லோரிடமும் போய்ச் சொன்னேன்: "அவரை அனுப்பலய்யா, நான் அனுப்பவே மாட்டேன்." ஒருத்தர் தவறாமல் என் தோளைத் தட்டி, "புரியுது வெல்மா, கஷ்டமான முடிவு" என்றார்கள். மறுக்க மறுக்க ஊருக்கு உறுதியானது. என் வாயிலிருந்து வருகிற சொல்லுக்கு என் ஊரிலேயே மதிப்பில்லை என்றால் எப்படி இருக்கும்? கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ஆட்டக்காரர்களும் மாறிப்போனார்கள். போகப்போகிற ஆள் சொல்வதை எதற்குக் கேட்பது என்று டோபி பழையபடி கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுழற்றினான். வெர்ன் யாரோடும் பேசவில்லை.

சனிக்கிழமை காலை ஹார்லனே கடைக்கு வந்தார். கையில் ஒரு காகிதப் பை. உள்ளே பச்சைத் தக்காளி.

"வீட்டம்மா பறிச்சுக் குடுத்தா. நீங்க ஊறுகாய் போடுவீங்கன்னு சொன்னா."

"இதை ஏன் பறிச்சீங்க? இன்னும் பழுக்கவே இல்லையே!"

"பழுக்குற வரைக்கும் நாங்க இங்க இருக்கணுமேம்மா." கோபமே இல்லாமல்தான் சொன்னார். "எத்தனையோ ஊர்ல வேலை பாத்துட்டோம். தக்காளி நட்டது இங்கதான். இந்தத் தடவை இருந்துருவோம்னு அவளுக்கு ஒரு எண்ணம். எந்த ஊர்லயும் ஒரு செடி காய்ச்சுப் பழுக்குற அளவுக்கு எங்களை விட்டு வச்சதில்ல."

"ஹார்லன், நான் உங்களை அனுப்பல. சத்தியமா. உங்க மேல எனக்கு..."

"அந்த வார்த்தையை மட்டும் திரும்பச் சொல்லிடாதீங்கம்மா" என்று கையைத் தூக்கினார். "அதைக் கேட்ட ஒவ்வொரு தடவையும் பொட்டி கட்டியிருக்கேன்."

அவ்வளவு பேசுகிற எனக்கு, உள்ளதை உள்ளபடி சொல்ல ஒரு வார்த்தை இல்லாமல் போய்விட்டது. பையைக் கவுண்டர் ஓரத்தில் வைத்துக்கொண்டு அவர் போவதைப் பார்த்தபடி நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டாக்டேல் அணியோடு ஆட்டம். ஆற்றுக்கு அக்கரை ஊர். அவர்களிடம் தோற்றால் ஒரு வாரத்துக்குப் பாலத்தைத் தாண்ட முடியாது. கெனி ஓடி வந்தான். பக்கத்தில் நீல டை கட்டிய ஒருவர்.

"அத்தை, இவர்தான்... சும்மா ஆட்டம் பாக்க வந்திருக்காரு."

"சும்மாவா? டை கட்டிக்கிட்டா?"

நீல டை கைகொடுத்தார். "ஹார்லனுக்கு அப்புறம் பொறுப்பெடுத்துக்கிறது பெரிய விஷயம் மேடம்" என்றார்.

"ஹார்லனுக்கு அப்புறம்னு ஒண்ணும் இல்ல. சாசேஜ் வேணும்னா வரிசையில நில்லுங்க" என்றேன். கெனி காதோரமாக, "இன்னைக்கும் தோத்தா நாளைக்கு ஊரே உங்களைத்தான் கேக்கும் அத்தை" என்றான். அது பொய்யில்லை.

ஹார்லன் பள்ளத்திலிருந்து வெளியே வந்ததும் மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. மரியாதையாக, மெதுவாக. 'நன்றி ஹார்லன்' என்று படுக்கை விரிப்பில் எழுதிப் பிடித்திருந்தார்கள். தலகாணி வேணுமா என்று கத்துகிறவன்கூடத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்திருந்தான். எனக்கு அடிவாங்கின மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் ஒருத்தரைத் திட்டாமல் விட்டால், அவர் கதை முடிந்தது என்று அர்த்தம்.

ஏழாவது இன்னிங்ஸ் வரை ஒரு ரன் பின்னாலிருந்தோம். டோபி மூன்றாவது பேஸில் நின்றான், என் அடுப்புக்கு நேர் எதிரே. எங்கள் இன்னொரு பையன் அடித்த பந்து தரையோடு உருண்டது. டோபி ஓடினான், சறுக்கினான், கால் ஹோம் பேஸைத் தொட்டது, அதைத் தொட்டால் ரன். அதற்குப் பிறகுதான் பந்தே வந்தது. புழுதி பறந்தாலும் அவன் முந்திக்கொண்டது எல்லோர் கண்ணிலும் பட்டது. அம்பயர் கையை முறுக்கி, "அவுட்!" என்றார்.

ஹார்லன் எழுந்தார். விதைத் தோலைத் துப்பினார். மறுபடி உட்காரப் போனார்.

எனக்குள் ஏதோ வெடித்தது. இடுக்கியைக் கையில் பிடித்தபடி வேலியில் ஏறாத குறையாகக் கத்தினேன்.

"யோவ் ஹார்லன்! உக்காராதய்யா! உனக்கு வாயில்ல? அந்தப் பையன் முட்டி தேஞ்சு ஓடி வந்திருக்கான், நீ வெதையைத் துப்பிக்கிட்டிருக்க! இதுக்கா உன்னை வச்சிருக்கேன்? இப்படியே இருந்தேன்னா அடுத்த வருஷம் பூரா உன்னைத் திட்டியே கொல்லுவேன், பாத்துக்க!"

என் வாயிலிருந்து அவருக்கு 'நீங்க' தவிர வேறு வந்ததில்லை. ஹார்லன் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த வருஷமா?" என்றார். அவர் குரல் வேலி வரை கேட்டது அதுதான் முதல் தடவை.

"பின்ன? நீ எங்கயும் போகப் போறதில்ல, நானும் விடப் போறதில்ல. போய்க் கேளுய்யா நியாயத்தை!"

பின்வரிசையில் தலகாணிக்காரன் துள்ளி எழுந்தான். "டேய், அக்கா திட்டுதுடா! அப்ப அனுப்பல டோய்!" போகிற ஆளை எவளாவது இப்படித் திட்டுவாளா? நன்றி எழுதின விரிப்பு அப்படியே கீழே இறங்கியது. ஒருத்தன் ஊளையிட்டான். அப்புறம் ஊரே ஹார்லனைப் பார்த்து ஊளையிட்டது. "போ ஹார்லன்! போய்யா கெழவா! தூங்குனது போதும்!"

ஹார்லன் போனார். நான் அப்படி ஒரு நடையைப் பார்த்ததில்லை. அம்பயர் மூக்கோடு மூக்கு வைத்துக் கத்தினார். இத்தனை ஊரில் விழுங்கினது அத்தனையும் வெளியே வந்தது. காலால் மண்ணைத் தள்ளித் தள்ளி ஹோம் பேஸையே மூடிவிட்டார். "இப்பத் தெரியுதாய்யா? உனக்கு இது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" அம்பயர் விரலை வாசலுக்கு நீட்டி, "வெளிய போ!" என்றார். ஹார்லன் விடவில்லை. மூன்றாவது பேஸுக்கு வந்து, மண்ணில் பதித்திருந்த அந்த வெள்ளை மெத்தையை அப்படியே பெயர்த்தெடுத்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு, வேலிக் கதவைத் திறந்து நேராக என் கடைக்கு வந்து கவுண்டரில் தொப்பென்று போட்டார்.

"இதையும் வறுத்துக் குடும்மா" என்றார். மூச்சு வாங்கியது. கண்ணில் தண்ணீர்.

அவரை அன்றைக்கு அனுப்பியாகிவிட்டது; அனுப்பினது அம்பயர், அந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும். ஊர் பார்க்க வந்ததைப் பார்த்துவிட்டது. நீல டை எழுந்து நின்று கெனியைப் பார்த்தார். கெனி என்னைப் பார்த்தான். நான் இடுக்கியைக் காட்டினேன்.

மைதானத்து ஆள் வந்து பேஸைக் கேட்டு வாங்கிப் போய்ப் பதித்தான். என் கவுண்டரிலிருந்த கடுகுச்சாறு அதில் மஞ்சளாக அப்பியிருந்தது. துடைக்க முயன்றான், போகவில்லை. ஆட்டம் அதோடேயே நடந்தது.

எங்கள் பையன்களைப் பார்க்க வேண்டுமே! எட்டாவது இன்னிங்ஸில் பள்ளத்திலிருந்து வந்த ஒவ்வொருத்தனும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். இரண்டு பேர் பேஸில் நிற்க, டோபி வந்தான். வளைந்து வந்த பந்து. கண்ணைத் திறந்து வைத்திருந்தான், என் அடுப்படியிலிருந்து பார்த்தேன். அடித்தான். பந்து வலப்பக்கச் சுவர் வரை போனது. இருவரும் ஹோமுக்கு வந்துவிட்டார்கள். ஒரு ரன் முன்னே! பக்கத்தில் நின்ற ஹார்லன் சத்தமே போடவில்லை. என் ஏப்ரன் நுனியைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தார்.

கடைசி இன்னிங்ஸ். இனி ஸ்டாக்டேல்காரர்கள் அடிக்க வேண்டும், வெர்ன் எறிகிறான். இரண்டு பேரை அவுட் ஆக்கிவிட்டான். இன்னும் ஒருத்தன்தான். அங்கேதான் கை தடுமாறியது. ஒருத்தனுக்கு இலவசமாக முதல் பேஸைக் கொடுத்தான். அடுத்தவன் அடித்தான். இப்போது கடுகுச்சாறு பேஸில் ஒரு ஸ்டாக்டேல்காரன் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறான். அவன் ஹோமுக்கு வந்தால் ரன் சமம். வெர்னின் விரல் நடுங்குவது எனக்கே தெரிந்தது. "மாத்து! வெர்னை மாத்து!" என்று மைதானம் கத்தியது.

பள்ளத்திலிருந்து உதவியாளர் லூ எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தார், மாற்றட்டுமா என்று கேட்கிற முகத்தோடு. வெளியே அனுப்பப்பட்டவர் சைகை காட்டக் கூடாது. ஹார்லன் வேண்டுமென்றே வேலிக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"யோவ், மாத்தச் சொல்லுய்யா!" என்றேன். "அவன் கையைப் பாரு! தலையையாவது ஆட்டு, யாருக்குத் தெரியப் போவுது?"

"மாட்டேன்."

"உன் வேலையும் சேந்து போவும்யா!"

ஹார்லன் ஒரு சாசேஜை எடுத்துக் கடித்தார். நிதானமாக மென்றார். "வெர்ன் மேல எனக்கு முழு நம்பிக்கை இருக்கும்மா" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் பகீரென்றது. "ஐயையோ, அவனை அனுப்பப் போறியா?"

"இல்லம்மா" என்று சிரித்தார். "நெஜமாவே இருக்கு."

லூ ஹார்லனின் முதுகைப் பார்த்தார். பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். வெர்னும் அதைப் பார்த்தான். யாரும் பந்தைப் பிடுங்க வரப் போவதில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. தோளை ஒருமுறை உதறினான். எறிந்தான், அடிக்கிறவன் விட்டான். எறிந்தான், உரசிக்கொண்டு வெளியே போனது. இன்னும் ஒன்று விட்டால் அவுட். மூன்றாவதாக எறிந்த பந்து வளைந்து கீழே இறங்கியது. ஸ்டாக்டேல்காரன் மட்டையைச் சுழற்றின வேகத்தில் அவனே ஒரு சுற்றுச் சுற்றினான். பந்து கேட்சர் கையுறைக்குள் 'டப்'பென்று விழுந்தது எனக்கு இங்கே கேட்டது.

ஜெயித்தோம்! கண்ணடித்தவன் கடுகுச்சாறு ஒட்டின காலோடு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். எங்கள் பையன்கள் ஒருத்தரும் வெர்னிடம் போகவில்லை. வெர்ன் உட்பட எல்லோரும் வேலியை நோக்கி ஓடி வந்து, ஹார்லனைக் கவுண்டரோடு சேர்த்துத் தூக்குகிற மாதிரி தூக்கினார்கள். பாதி சாசேஜ் இன்னும் அவர் கையில்.

பட் லான்யாக் மைக்கோடு முண்டியடித்து வந்தார். "வெல்மா! ஹார்லனைப் பத்தி ஒரு வார்த்தை?"

மைதானம் முழுக்க வேலிப் பக்கம் திரும்பியது. இந்தத் தடவை எனக்கு வார்த்தை தெரியும்.

"இந்த ஆளை மாதிரி ஒரு பிடிவாதக்காரனை நான் பாத்ததே இல்ல. முதலாளி சொன்னா கேக்குறானா? என் கவுண்டர் பூரா மண்ணு! நாளைக்குக் காலைல வந்து தொடைக்கணும். அடுத்த வருஷமும் வந்து தொடைக்கணும். அப்புறம், பச்சைத் தக்காளியெல்லாம் எனக்கு வேண்டாம், பழுத்ததும் கொண்டாரச் சொல்லு!"

பின்வரிசையிலிருந்து நிஜமாகவே ஒரு தலகாணி பறந்து வந்து ஹார்லன் தலையில் விழுந்தது. ஊரே எழுந்து நின்று, தொண்டை கிழிய, அவருக்கு ஊளையிட்டது. பையன்கள் தோளில் உட்கார்ந்தபடி அவர் அந்தத் தலகாணியைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், புகைதான் காரணம் என்று பட் லான்யாக்கிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.